நான் சேர்த்துச் சொன்ன வசனம்

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் அன்று காலையில், என் மகள் தலையைத் துவட்டிக்கொண்டே, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் நடிக்காம இரு" என்றாள்.

"நான் எங்கடி ஊட்டுல நடிக்கறேன்?"

"நீ வாயத் தொறந்தாலே அப்படித்தான் இருக்குது."

அவள் சொன்னது உண்மைதான். சினிமாவிலும் சீரியலிலும் இத்தனை வருஷமாக நான் விற்றது எங்கள் ஏற்காட்டு மலைப் பேச்சை.

பத்தாவதோடு நின்றுவிட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள் நான். அங்கே படம் எடுக்க வந்தவர்கள், பின்னால் நடந்து போக நாலைந்து பெண்கள் வேண்டும் என்றார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் என்னையும் அனுப்பினார். காமெடி நடிகர் வழி கேட்பார், நான் கையைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். எனக்கோ அவரை நிமிர்ந்து பார்க்கவே கூச்சம். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஏனுங்க, நீங்க வந்த வழியேதானுங்க போகோணும்" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் அழுதேன். அதற்கும் சிரித்தார்கள்.

அப்புறம் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். வேலைக்காரி, சண்டைக்காரப் பக்கத்து வீட்டுக்காரி, விளக்குமாற்றால் அடி வாங்கும் பெண்டாட்டி. "அந்த 'ங்க'வைக் கொஞ்சம் இழுங்கம்மா" என்பார்கள். இழுத்தேன். கேமரா முன்னால் எனக்குக் கூச்சமில்லை. அங்கே நிற்பது வேறொருத்தி. ஆனால் ஏற்காட்டு பஸ்ஸில் டிக்கெட் கேட்டால்கூட கண்டக்டர் சிரிப்பார். எங்கள் ஆட்கள் சிலர், எங்களைக் கேலி பண்ணித்தானே சம்பாதிக்கிறாய் என்பது போலப் பார்ப்பார்கள். கடைகளில் கையைக் காட்டியே சாமான் வாங்கப் பழகிவிட்டேன்.

பையன் என் மகளோடு ஒரே ஓட்டலில் வேலை செய்கிறவன். அவளுக்கு அவனைத் தவிர யாரும் வேண்டாம். கிளியூர்ப் பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிற குடும்பம். கூத்தாடி வீட்டில் பெண் எடுப்பதா என்று அவன் அம்மா யோசிப்பதாக அவனே சொல்லியிருந்தான். அந்தம்மா சரி என்றால்தான் கல்யாணம்.

அந்தம்மாவும் அவர் தங்கையும் வந்தார்கள். மகள் காலையில் சொன்னதை நினைத்து, "வாருங்கள், உட்காருங்கள்" என்றேன். எனக்கே அது வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

அந்தம்மா தங்கையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, எங்ககிட்டயெல்லாம் நம்ம பேச்சுப் பேச மாட்டீங்களா? டிவிக்கு மட்டுந்தானுங்களா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. பயமுங்க."

இருவரும் சிரித்தார்கள். மழையைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். பிறகு அந்தம்மா, "பொண்ணோட அப்பா எப்படிங்க தவறுனாரு?" என்று கேட்டார்.

"மொளகு பறிக்கப் போனாருங்க. ஏணி வழுக்கிருச்சுங்க."

தங்கைக்காரி குபுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அந்தம்மா அவரை முறைத்தார். இதோ எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

என் வாய் தானாக வேலை செய்தது. "கீழ கெடந்தவரு பையை நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கிட்டு, 'ஒரு மொளகு சிந்தலைன்னு ரைட்டருகிட்டச் சொல்லிப்போடுங்க'ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடுனாருங்க."

கையை நெஞ்சில் வைத்தும் காட்டினேன். கடைசி 'ங்க'வை இழுத்தேன்.

அந்தம்மா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "பாவமுங்க, நொம்ப நல்ல மனுசனுங்க" என்று கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். காப்பித் தட்டோடு வந்த என் மகள் சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவர்கள் போன பிறகு கேட்டாள். "அப்பா நெசமா அப்படிச் சொன்னாரா?"

அவர் போனபோது அவள் சின்னக் குழந்தை. இப்போது அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது.

"இல்ல சாமி. நானாச் சேத்துச் சொன்னது."

"அப்ப என்னதான் சொன்னாரு?"

"தெரியாது கண்ணு. நான் அன்னிக்குச் சென்னையில ஷூட்டிங்ல இருந்தேன்."

டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து அந்தம்மா போன் செய்தார். "எங்களுக்குச் சம்மதமுங்க. ஊட்டுக்காரரு பக்கத்துலதான் இருக்காரு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேனுங்க. அந்த மொளகு சங்கதிய அவருக்கு ஒருக்காச் சொல்லுங்க. நான் சொன்னா அந்த மாதிரி வரமாட்டேங்குது."

என் மகள் வேலைக்குக் கட்டிப் போகிற சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தம்மாவின் குரல் கேட்டு அவள் கை நின்றது.

"அது நான் சேத்துச் சொன்னதுங்க. அவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாதுங்க. தூக்கிட்டுப் போறப்பவே உசுரு போயிருச்சாமுங்க. நான் கூட இல்லீங்க."

அந்தப் பக்கம் ஆண் குரல் ஒன்று சிரித்தது. "ஏனுங்க, சித்த சும்மா இருங்க" என்று அந்தம்மா அதட்டினார். "செரிங்க, அப்பறமாப் பேசறேனுங்க" என்று வைத்துவிட்டார்.

"இதையே அன்னிக்குச் சொல்லியிருக்கலாமில்லம்மா?" என்றாள் மகள்.

அந்தம்மா சொன்ன சம்மதம் மாறவில்லை; கல்யாணம் தையில் என்று இப்போது முடிவாகியிருக்கிறது. அந்தம்மா அடிக்கடி வருகிறார். நான் ஏதாவது சொன்னால், சிரிக்கலாமா என்று முதலில் என் மகளின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார். நானும் அங்கேதான் பார்க்கிறேன்.