தொட்டிக்குள் பத்து நாள்

மைசூரில் எங்கள் வீட்டில் என் வேலைக்குத் திராட்சை ஆராய்ச்சி என்று பெயர். மேல்கோட்டை வழி வந்த வைணவக் குடும்பம். வெங்காயமே வாசலோடு நின்றுவிடும் வீட்டில், பையன் ஸ்பெயினில் ஒயின் செய்கிறான் என்று யார் வாயால் சொல்வார்கள்? சரஸ்வதிபுரத்து அக்கம்பக்கத்தார், திராட்சையை ஆராய அவ்வளவு தூரம் போக வேண்டுமா, பெங்களூரிலேயே விளைகிறதே என்பார்கள். அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். அப்பா மட்டும் ஞாயிறுதோறும் போனில் பழம் எப்படி என்று கேட்பார். அந்தப் பழம் பிறகு என்னவாகிறது என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

வடகிழக்கு ஸ்பெயினில் ஒரு மலைக் கிராமம். தோட்டம் என்றதும் பந்தலில் தொங்கும் குலைகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். நிற்கவே கால் வழுக்கும் சரிவில், கறுப்பு ஸ்லேட்டுக் கல் சில்லுகளுக்கு நடுவே, முழங்கால் உயரத்துக்கு முண்டும் முடிச்சுமாக நிற்கும் கொடிகள். சிலவற்றுக்கு நூறு வயது இருக்கும். ஒரு கொடி இரண்டு கை நிறையப் பழம் தந்தாலே பெரிய விஷயம். டிராக்டர் ஏறாது. கையால் வெட்டி, சின்னப் பெட்டிகளில் போட்டு, தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும். முதலாளி அறுபதைத் தாண்டிய பெண்மணி, இரண்டு முழங்காலும் பழுதானவள். அதனால் பழத்தைக் கொட்டி நொதிக்க வைக்கும் தொட்டிக்குள் இறங்குவது என் வேலை.

சாறு நொதிக்க ஆரம்பித்ததும் தோலெல்லாம் மேலே மிதந்து கனத்த அடையாகக் கட்டிக்கொள்ளும். நாளைக்கு மூன்று தடவை அதை மிதித்து உள்ளே அமுக்க வேண்டும். விட்டால் மேல்பக்கம் காய்ந்து, எல்லாம் காடியாகிவிடும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் இறங்குவோம், இல்லாவிட்டால் வாயு மூச்சை அடைத்துவிடும். அடையில் கால் வைத்தால் சுடும், அதற்குக் கீழே சில்லென்று இருக்கும்.

அந்த வருடம் நொதிப்பு தொடங்கிய அன்று காலை, தொடைவரை சாற்றில் நின்றுகொண்டிருந்தபோது மைசூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

"அப்பா ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார்டா" என்றான்.

எங்கள் வீடுகளில் சாவை அப்படித்தான் சொல்வோம். ஹார்ட் அட்டாக், திடீரென்று நடந்துவிட்டது என்றான். நாளைச் சாயந்திரம்வரை வைத்திருக்கலாம், வர முடியுமா என்று கேட்டான். டிக்கெட் கிடைக்காது, எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் போனில் பார்த்தேன். அன்று மதியமே பார்சிலோனாவிலிருந்து இடம் இருந்தது. ஒன்றல்ல, வேண்டிய மட்டும் இருந்தது. முதலாளியம்மா விஷயம் தெரிந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளிடமும் டிக்கெட் இல்லை என்றேன். அண்ணனிடம் எப்படியோ, அம்மாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஏன் கிளம்பவில்லை என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். அப்பாமேல் கோபம் கிடையாது. வேலைமேல் அப்படியொன்றும் பக்தியும் கிடையாது. ஒன்றுமே தோன்றவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடையதோ போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

அண்ணன் சொன்னபடி, உடுத்தியிருந்ததோடு தலைக்குத் தீர்த்தமாடினேன், முற்றத்தில் தொட்டி கழுவும் குழாயில். தீட்டு பத்து நாள். ஊரில் இருந்திருந்தால் அடுத்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட என்னைத் தொட விட்டிருக்கமாட்டார்கள். நானோ ஈரத்தை மாற்றிக்கொண்டு மறுபடி தொட்டிக்குள் இறங்கினேன். ஊரார் குடிக்கப்போவதைத் தீட்டுக் காலோடு பத்து நாளும் மிதித்தேன். எள்ளும் தண்ணீருமாவது இறை என்றான் அண்ணன். அந்தக் கிராமத்தில் கறுப்பு எள்ளுக்கு எங்கே போவது? ரொட்டிமேல் ஒட்டியிருந்த வெள்ளை எள்ளைச் சுரண்டி எடுத்து இறைத்தேன்.

பத்தாம் நாள் தீட்டும் கழிந்தது, நொதிப்பும் அடங்கியது. சாற்றை இறக்கி, தோலைப் பிழிந்து, பீப்பாய்களை நிரப்பினோம். முதலாளியம்மா ஒரு வாய் ருசித்துவிட்டு, பல வருடங்களில் இப்படி அமைந்ததில்லை என்றாள். நானும் ருசித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பதின்மூன்றாம் நாளும் முடிந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு மைசூர் வந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அப்பாவை விட்டுவிட்டு டிக்கெட்டைத்தான் விசாரித்தார்கள். நான் மழுப்பினேன். பண்டிகை சீசன், சீட்டே இருந்திருக்காது என்று அண்ணன் எனக்காகச் சப்பைக்கட்டு கட்டினான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்றிருந்தேன். கேட்காதவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? நாலு நாள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே திரிந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் ஆபீஸ் போயிருந்தான். எதிரே போய் உட்கார்ந்து, ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

"இரு, நான் முதல்ல சொல்லிடறேன்" என்றாள். "உங்கப்பா திடீர்னு போகலடா. பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தார். ஞாயித்துக்கிழமை உங்கிட்ட பேசினதுகூட அந்தப் படுக்கையிலேர்ந்துதான். உனக்குச் சொல்லவேப்படாதுன்னுட்டார். பழம் பறிக்கற சமயம், தெரிஞ்சா எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுவான்னார். நாங்களும் அதைக் கேட்டுண்டு சும்மா இருந்துட்டோம்."

மேலே பேச முடியாமல் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வந்த நாளிலிருந்து அவள் அழுது பார்க்கவில்லை. அப்பாவுக்காக அழுது தீர்த்துவிட்டாள் போலிருக்கிறது. இப்போது அழுதது எனக்காக. கடைசியில் அவர் முகத்தை நான் பார்க்க முடியாமல் போனது தன்னால்தான் என்று அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கை என்னுடையது போலவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சொல்லியிருந்தா வந்திருப்பேதானே?"

"வந்திருப்பேம்மா" என்றேன்.