சித்தப்பாவின் கடைசி கட்லா

நேற்று வகுப்பில் காணாமல்போன ஒரு வாட்சுக்காக என் மகளின் பையை எல்லோர் முன்னாலும் கொட்டிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அவள் இன்னும் சாப்பிடவில்லை.

இன்று காலை, பால்கனிச் செடிகளுக்கு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு புளித்து நாறியது. நான் வாளியருகிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது என் சித்தப்பாவின் சட்டை வாசனை.

நீலசந்திராவில் இருந்த எங்கள் பழைய வீட்டில் அவர் தூண்டில் இரைக்காகப் புண்ணாக்கையும் ராகி மாவையும் பிசைவார். ஏரியில் நடந்த தூண்டில் போட்டிகளில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. பிடித்த மீனை உயிரோடு எடை போட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஒருமுறை அவருடைய மீனின் வாயிலிருந்து ஈயக்குண்டு விழுந்தது. எடையைக் கூட்ட அவர் போட்டதுதானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அடுத்த போட்டியில் அவர் பெரிய கட்லா ஒன்றைத் தூக்கிவந்தார்.

“என்ன குரு, இந்த வாட்டி எத்தினி கிலோ ஈயம்?” என்று ஒருவர் கத்த, கூட்டம் சிரித்தது. வயிற்றை அறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நடுவர் கத்தியை எடுத்தார்.

“சார், அது சினை மீனு. நான் தோத்துட்டேன்னே எழுதிக்கங்க. அறுக்காதீங்க சார்,” என்று சித்தப்பா கெஞ்சினார்.

மாட்டிக்கொண்ட பயத்தில் கெஞ்சுகிறார் என்று நினைத்து அறுத்தார்கள்.

வயிறு முழுக்க முட்டைகள்தான் இருந்தன. வெற்றிக் கோப்பையை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. முட்டைகளை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு போய் ஏரியில் விட்டார். அவை பிழைக்காது என்று அங்கிருந்த எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.