நிபுணர் வளர்த்த நத்தை

எங்கள் பாசன அலுவலகத் தலைமை எழுத்தருக்கு ‘நிபுணர்’ என்று பெயர் வைத்தது நாங்கள்தான். கேலிக்கு வைத்தோம்; அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். குழாய் ஒழுகினாலும் சரி, யார் வீட்டிலாவது கல்யாணம் தள்ளிப்போனாலும் சரி, அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். அதைக் கேட்காமல் யாரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட முடியாது.

அதிகாரியின் அறையில் ஒரு மீன்தொட்டி உண்டு. கண்ணாடியில் பாசி ஏறி, உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகமாகிவிட்டது. அதிகாரி ஒரு நாள் முகம் சுளித்தார். மறுநாளே நிபுணர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்குப் பொன்னிறத்தில் ஒரு நத்தை.

“ஆப்பிள் நத்தை சார். பாசியெல்லாம் தின்னுடும்.”

“பெருகிடாதே?”

“ஒண்ணே ஒண்ணுதானே சார் வாங்கினேன். ஜோடி இல்லாம எப்படிப் பெருகும்?”

நத்தையம்மாள் கடையிலேயே குடும்பம் நடத்திவிட்டு வந்திருந்தாள். மூன்றாவது வாரம், தண்ணீருக்கு மேலே கண்ணாடியில் ரோஜா நிறத்தில் ஒரு கொத்து ஒட்டியிருந்தது. பெருக்குகிற அம்மா அதைச் சுரண்டப் போனார்.

“தொடாதீங்கம்மா! அது உப்பு. தண்ணி சுத்தமா இருந்தாத்தான் இப்படிப் படியும்” என்றார் நிபுணர்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா வந்து நிதானமாகச் சொன்னார்: “சார், உப்பு நடக்குது.”

நிபுணர் அசரவில்லை. “நான் எதிர்பார்த்ததுதான்” என்றார். ஆளுக்கு இரண்டு நத்தைக் குஞ்சுகளைத் தேநீர்க் கோப்பையில் போட்டுக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். ஆனால் கொடுக்கக் கொடுக்கக் கொத்துகள் வந்தபடியே இருந்தன. தொட்டியில் இருந்த செடிகள் வேரோடு காணாமல் போயின. பாசி மட்டும் அப்படியே இருந்தது. அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது.

“திங்கட்கிழமை நான் வர்றப்போ இதுல ஒண்ணுகூட இருக்கக் கூடாது.”

சனிக்கிழமை மத்தியானம் நிபுணரும் நானும் நத்தைகளை அள்ளிப் போட்ட வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குப் போனோம்.

“கொன்னுடலாமே சார்?”

“பாவம்யா, வாயில்லா ஜீவன்” என்று சொல்லி வாளியைக் கவிழ்த்தார். அவர் கருணை உள்ளவர். எனக்கோ சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம். இரண்டும் சேர்ந்து வாய்க்காலில் இறங்கின.

அதற்கடுத்த ஆண்டு நடவு முடிந்த சமயம், அதே வாய்க்காலின் கடைமடையில் பயிர் செய்கிற ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்து, நிபுணர் மேசையில் ஒரு வாளி நத்தையைக் கொட்டினார். ஒன்று கோப்பின் மேலேறி நகர ஆரம்பித்தது.

“நட்டுப் பத்து நாள்தான் சார் ஆச்சு. காலையில போய்ப் பார்த்தா வரப்பு இருக்கு, தண்ணி இருக்கு, நாத்தைக் காணோம். இதுங்கதான் இருக்கு. எங்கேருந்து சார் வந்துச்சு?”

நிபுணர் என்னைப் பார்த்தார். நான் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தேன்.

“வெள்ளத்துல வந்திருக்கும். நீங்க ஏன்மா ஆரம்பத்துலயே கவனிக்கல?”

அறிக்கையில் ‘விவசாயிகளின் கவனக்குறைவு’ என்று அவர் சொல்ல, நான்தான் தட்டச்சு செய்தேன். கை கூசியது; ஆனாலும் பிழையில்லாமல் அடித்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து, இந்த நத்தையைப் பற்றித் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். இவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? நத்தை ஒழிப்புக் குழுவுக்கு நிபுணரே தலைவரானார்.

குழு ஏழு முறை கூடியது. அதற்குள் அந்தப் பெண் இரண்டு முறை மறுநடவு செய்துவிட்டார். வயலில் தண்ணீரைப் பாதம் நனையும் அளவுக்குச் சுண்டக் கட்டினார். நத்தைக்கு நீந்த இடமில்லாமல் போனது. வரப்போரம் குச்சிகளை நட்டுவைத்தார். முட்டையிட அதில்தான் ஏறின. தினமும் காலையில் குச்சி குச்சியாகப் பார்த்து, முட்டைக் கொத்துகளைச் சுரண்டி நசுக்கித் தண்ணீருக்குள் தள்ளினார். பாதி விளைச்சலாவது கைக்கு வந்தது.

நிபுணர் நேரில் போய், குடையைப் பிடித்தபடி வரப்பில் நின்று, எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அது கையேடாக வந்தது. அட்டையில் நிபுணரின் படம். உள்ளே அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி கிடையாது. கையேட்டுக்காக நிபுணருக்குப் பாராட்டுப் பத்திரமும் பதவி உயர்வும் கிடைத்தன. அவர் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பும் நாளில் அந்தப் பெண் வேறு வேலையாக வந்திருந்தார். நிபுணர் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுப் பெருந்தன்மையோடு நீட்டினார்.

அந்தப் பெண் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார்.

“நல்லா இருக்கு சார். ஒரு இடம்தான் தப்பு. முட்டையைச் சுரண்டி வரப்புல காயப் போடணும்னு எழுதியிருக்கீங்க. வெளியில கிடந்தா அது சொகுசாப் பொரிஞ்சுடும் சார். நசுக்கித் தண்ணிக்குள்ள தள்ளணும்னுதானே சொன்னேன்?”

“எத்தனை பிரதி போயிருக்கு?” என்று நிபுணர் என்னிடம் கேட்டார்.

“ஊர் ஊரா அனுப்பியாச்சு சார்.”

“சரி விடு, அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, வண்டி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.