மதினி சொன்ன வலி

கணினித் திரையில் மதினியின் முதுகெலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விருதுநகரில் நான் எக்ஸ்ரே எடுக்கும் ஸ்கேன் சென்டருக்கு அந்த மென்பொருள் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒவ்வோர் எலும்பையும் சுற்றிப் பச்சைக் கோடு வரைந்து, உயரத்தையும் இடைவெளியையும் அளந்துகொண்டே அது கீழே இறங்கியது. இடுப்புக்குச் சற்று மேலே வந்ததும் இரண்டு எலும்புகளைச் சேர்த்துச் சிவப்புக் கட்டம் போட்டது.

மதினி என் அண்ணன் மனைவி. தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுபவர். காலையில் தரையில் குனிந்து உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் நிமிர்வார். முதுகு வலிக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் முதுகு வலிக்காதவர் யார் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். வேறோர் இடத்தில் எடுத்த பழைய படத்தைப் பார்த்தும் தேய்மானம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். தீபாவளி சீசனில் அவர் எழ முடியாமல் படுத்துவிட்டபோது அண்ணன், "வேலைக்குப் போக மேலு வணங்கல. அதுக்கு வலின்னு ஒரு சாக்கு" என்றார். நான்தான் எங்கள் சென்டருக்குக் கூட்டிவந்து படம் எடுத்தேன்.

எங்கள் டாக்டர் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கட்டம் இல்லேன்னா, இருக்குற கூட்டத்துல நானும் தேய்மானம்னுதாம்மா எழுதியிருப்பேன். எலும்போட ஓரம் அரிச்சிருக்கு, பாருங்க." அடுத்து எடுத்த ஸ்கேனிலும் சதைப் பரிசோதனையிலும் எலும்புக் காசநோய் என்று உறுதியானது. இன்னும் தாமதித்திருந்தால் கால்கள் விளங்காமல் போயிருக்கும் என்றார்கள்.

அண்ணன் அழுதார். அதன்பிறகு தண்ணீர் பிடிப்பதும் சோறு வடிப்பதும் அவர்தான். மாத்திரையால் வாந்தியெடுத்து ஓய்ந்துபோன ஒரு மத்தியானம் மதினி என்னிடம் மட்டும் சொன்னார்: "கம்ப்யூட்டர் சொன்னதும் அம்புட்டுப் பேரும் நம்பிட்டீக, தாயி. நான் ரெண்டு வருசமாச் சொன்னேன்." குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு இல்லை.

குணமாகிவிட்டது. நடக்கிறார். குனிய முடியாததால் கம்பெனிக்குப் போவதில்லை. அண்ணனோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார்.

நேற்று எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தார். அவருக்கு எல்லாமே பச்சைக் கோடாகவே முடிந்தது. வாசலில் நின்ற கணவர் எட்டிப் பார்த்து, "அதுல ஒண்ணும் காட்டலைல்ல? கெளம்பு" என்றார். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் எழுந்தார். வெளியே இன்னும் வரிசை நின்றது. எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. அவர் கையைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தேன்.

"எங்கன வலிக்குதுன்னு சொல்லுங்கக்கா. டாக்டர்ட்ட நானும் கூட வாறேன்."