ஸ்டெல்லாவின் குரலும் ஓடாத மணிக்கூடும்

போன செவ்வாய்க்கிழமை பொரளையில் ஒரு டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். நோய் எனக்கில்லை, ஸ்டெல்லாவுக்கு.

ஸ்டெல்லா கொட்டாஞ்சேனைக்காரி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். தேசிய வானொலியின் தமிழ்ச் சேவையில் பகுதிநேர அறிவிப்பாளர். காலையில் வெள்ளவத்தையில் நான் தேங்காய் துருவும்போது நேரம் சொல்வது அவள்தான். முகம் யாருக்கும் தெரியாது. குரலைத் தெரியாத தமிழ் வீடு இருக்கிறதா?

அந்தக் குரலில்தான் கட்டி வந்தது. சின்னக் கட்டிதான்... ஆனால் குரல்நாணில். ஒப்பரேஷன் முடிந்ததும், சொல்லும்வரை வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முணுமுணுக்கவும் கூடாதாம். குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்குக் கையை விரித்தார். வராவிட்டால்? பகுதிநேரக்காரிக்கு மேசை வேலையா கொடுப்பார்கள்? என்னோடு வாட்ஸ்அப்பில் மட்டும் 'கதைத்தாள்'. வீட்டில் ரேடியோவைப் போடவே விடவில்லையாம். தன் இடத்தில் இன்னொரு குரலைக் கேட்க மனமில்லை. யாருக்குத்தான் மனம் வரும்?

செவ்வாய்க்கிழமை டாக்டர் தொண்டைக்குள் பார்த்தார். கட்டி ஆபத்தானதில்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, இனிக் கதைக்கலாம், ஏதாவது சொல்லுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

என்ன சொல்வாள்? கடவுளைக் கூப்பிடுவாள், பிள்ளையின் பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். இவளோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுவர் மணிக்கூட்டை ஒரு பார்வை பார்த்தாள். இந்த அறிவிப்பாளர்களே இப்படித்தான் - எங்கள் வீட்டுக்கு வந்தாலும் மணிக்கூட்டைப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டாள்.

"நேரம், பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம்."

முதல் சொல்லில் கொஞ்சம் கரகரப்பு. மற்றதெல்லாம் என் சமையலறையில் கேட்கும் அதே குரல். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது. டாக்டருக்குத் தமிழ் விளங்காது. நேரம் சொல்கிறாள் என்று நான் விளக்கினேன். சிரித்துவிட்டு, அந்த மணிக்கூடு நின்று ஒரு மாதமாகிறது என்றார். உண்மையில் அப்போது மணி நாலரை.

குரல் திரும்பியவள் சந்தோஷப்பட வேண்டாமா? வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருநாளும் நான் நேரம் பிழையாச் சொன்னதில்லையடி. திரும்பிக் கதைச்ச முதல் வசனமே பிழை, பாத்தியா?"

சொன்ன கையோடு எதிர்க் கடைக்குள் நுழைந்தாள். தொப்பி போட்ட முஸ்லிம் கடைக்காரர், நானா ஒருவர், குனிந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கூட்டுக்கு ஒரு பெட்டரி என்று இவள் கேட்டதும் தலையைத் தூக்கினார்.

"ரேடியோல நேரம் சொல்ற மிஸ் தானே நீங்க? எங்க போயிருந்தீங்க இவ்வளவு நாளும்?"

அதுவரை அழாதவள் அங்கே நின்று அழுதாள். நானும்தான். பாவம், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நானா பயந்தே போனார்.

பெட்டரியைக் கொண்டுபோய் டாக்டரின் நர்ஸிடம் கொடுத்தோம். அவர் மணிக்கூட்டைக் கழற்றி, பெட்டரியைப் போட்டுத் திரும்ப மாட்டினார். முள் நகர்வதைப் பார்த்த பிறகுதான் ஸ்டெல்லா அந்த இடத்தை விட்டு அசைந்தாள்.

"இனி இங்க குரல் திரும்பி வாற ஆளாவது நேரத்தைச் சரியாச் சொல்லட்டும்" என்றாள்.

எல்லாரும் வாய் திறந்ததும் நேரம்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறாள் போல!