பல் முளைத்த டபிள்யூ

பேருந்தில் நடத்துநராக இருந்த பத்தொன்பது வருடமும் ஜூசேலியாவுக்கு ஒரே இருக்கைதான். பயணிகள் ஒவ்வொருவராகக் கடக்கும் சுழல்கதவுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம். பெலேம் நகரத்துக் கடைப்பலகைகள் தினமும் ஆறு தடவை அவள் கண்முன்னால் ஓடும். எந்த மருந்துக்கடைப் பலகையில் எந்த எழுத்து கோணல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பயணச்சீட்டுக்குக் கருவி வந்து நடத்துநர் வேலையே இல்லாமல் போனபோது தெருவே பரிதாபப்பட்டது. அவளோ அடுத்த மாதமே அட்டை வெட்டும் எந்திரம் ஒன்றை வாங்கி, சமையலறை மேசையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு ரொசில்டா அவளுடைய நாத்தனார். கேக் செய்து விற்பவள். கேக்கின் உச்சியில் குத்தும் பெயர்களை ஜூசேலியா வெட்டிக் கொடுப்பாள். கணினித் திரையில் பெயரை எழுதி வைத்தால், எந்திரத்துக்குள் இருக்கும் சின்னக் கத்தி அப்படியே மினுமினுப்பு அட்டையில் அறுத்துத் தரும். மூன்று வருடமாக அந்தத் தெருவில் அவள் கை படாத பிறந்தநாள் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை காலை வாண்டர்லூசியா டீச்சர் வந்தார். வயது அறுபத்தெட்டு. பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். சனிக்கிழமை, அந்த ஊரில் தினமும் மதியத்துக்கு மேல் இறங்கும் மழைக்கு முன்னால், படகுக்காரர் ஒரிவால்டோவுடன் அவருக்குக் கல்யாணம்.

"இங்க பாரும்மா, என் பேர நாப்பது வருஷமா எவனும் முழுசா எழுதினதில்ல. ரிஜிஸ்டர்ல எடம் பத்தலன்னு 'வாண்டர்'னு நிறுத்திட்டான். பசங்க 'லூசியா'ன்னு நறுக்கிட்டாங்க. கேக்கு மேலயாவது முழுசா இருக்கணும்."

"இருக்கும் டீச்சர்."

"இந்த எழுத்துலதான் இருக்கணும்" என்று கைப்பேசியை நீட்டினார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அலங்கார எழுத்துரு. அதில் அவர் பெயரின் முதல் எழுத்தான டபிள்யூ மட்டும் பாகற்கொடி மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டு ஏறியிருந்தது.

"அவரு பேரு எந்த எழுத்துல டீச்சர்?"

"அது எதுல இருந்தா என்ன? அவர எல்லாரும் முழுசாத்தானே கூப்பிடறாங்க."

டீச்சர் போனதும் ஜூசேலியா அந்த எழுத்தை இறக்கி, பெயரை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கி, தங்க நிற அட்டையில் வெட்டினாள். வெளியே எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் பல். வளைய வேண்டிய இடமெல்லாம் படிப்படியாக உடைந்து, விரலை வைத்தால் நெருடியது.

ரொசில்டா எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி இது, பிரானா மீன் கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கு?"

"வாய மூடு. கத்தி மழுங்கியிருக்கும்."

புதுக் கத்தி போட்டாள். அதே பல். வேகத்தைக் குறைத்தாள், எந்திரம் கிழவி மாதிரி ஊர்ந்து ஊர்ந்து அதே பல்லை இன்னும் ஒழுங்காக வெட்டியது. அட்டையை மாற்றினாள். தங்கத்தில் இருந்த பல் வெள்ளியிலும் இருந்தது.

"ஈரம் அண்ணி. இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ஈரம்தான். என் சர்க்கரையப் பாரு, கட்டி தட்டிப்போச்சு."

பேருந்து நடுவழியில் நின்றுவிட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஓட்டுநர் மட்டும் இறங்கிப் போய் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். ஜூசேலியாவும் அதையே செய்தாள். போன வாரம் வேறு எழுத்தில் செய்த ஒரு பெயரை எடுத்து, அதே அட்டையில், அதே கத்தியில் வெட்டினாள். வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று வந்தது.

"ஈரம் இந்த எழுத்த மட்டும் பார்த்துப் புடிக்குமா?" என்றாள். ரொசில்டா தன் சர்க்கரையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்புறம்தான் திரையில் டபிள்யூவைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். குற்றம் அங்கேயே இருந்தது. சின்ன அளவில் கண்ணுக்குத் தெரியாத படிகள், பெரிதாக்கியதும் மாடிப்படியாகத் தெரிந்தன. கோட்டைத் தாங்கும் புள்ளிகளைக் காட்டச் சொன்னால் எறும்புச் சாரை மாதிரி முந்நூற்றுச் சொச்சம் வரிசை கட்டின. யாரோ மங்கலான படத்தை வைத்துக் கணினியிடம் ஓரக்கோட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது கண்ட சொரசொரப்பையெல்லாம் அப்படியே எழுதி வைத்துவிட்டது. கத்தி பாவம், சொன்னதைச் செய்தது.

கோட்டை மழமழப்பாக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். பல் போனது, கூடவே டபிள்யூவும் போனது. கொடி உருகிக் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வேறு எழுத்தில் செய்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. டீச்சர் 'முழுசா' என்று சொன்னபோது உதட்டை அழுத்திக்கொண்டது நினைவுக்கு வந்தது. பழையபடி மாற்றிவிட்டுக் காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அதே வேலை. ஒவ்வொரு புள்ளியாகத் தட்டி அழித்தாள். அழிக்க அழிக்கக் கோடு சோம்பல் முறித்து நிமிர்ந்தது. வளைவின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று போதும், நடுவில் இருப்பதெல்லாம் நெரிசல் என்று பதினோரு மணிக்குள் பிடிபட்டுவிட்டது. "பின்னால போங்க, பின்னால எடம் இருக்கு" என்று வாய் தானாக முணுமுணுத்தது. மழை வந்து போனது. டபிள்யூ பதினெட்டுப் புள்ளிகளில் நின்றது. மற்ற எழுத்துகளுக்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் கொடி எப்படிச் சுருள வேண்டும் என்று தெரியவில்லை. பேருந்து ஜன்னலில் பார்த்த ஏதோ ஒரு ரொட்டிக்கடைப் பலகையை நினைத்து அவளே வளைத்துவிட்டாள். வெட்டி எடுத்து ஓரத்தில் விரலை ஓட்டினாள். எங்கேயும் தடுக்கவில்லை. சமையலறையில் தனியாகவே சிரித்தாள்.

சனிக்கிழமை குப்புவாசு என்ற உள்ளூர்ப் பழத்தின் கூழ் வைத்த மூன்றடுக்குக் கேக்கின் மேல் பெயர் ஏறியது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு டபிள்யூவிடம் திரும்பி வந்தார்.

"இந்தச் சுருள் நான் காட்டினதுல இப்படி இல்லையே?"

ஜூசேலியா கிட்டே போய்ச் சுருளைக் காட்டினாள். "இல்ல டீச்சர். அதுல ஒரே பிசிறு. எடுத்துட்டு, அந்த எடத்த நானா வளைச்சேன்."

டீச்சர் அந்தச் சுருளை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப இது எனக்குன்னே போட்ட எழுத்து."

"ஆமா டீச்சர்."

"ஒரிவால்டோ, இங்க வாங்க, இதப் படிங்க. சத்தமா" என்றார். அவர் படகில் கூப்பிடும் குரலில் படித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மழை பிடிப்பதற்குள் கேக்கை வெட்டி முடித்தார்கள். டீச்சர் பெயரை மட்டும் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஜூசேலியா அந்த எழுத்தோடு வந்த குறிப்பைத் திறந்து பார்த்தாள். செய்தவன் முகவரி இருந்தது. திருத்திய எழுத்துகளை அனுப்பி, மிச்சத்தையும் செய்யட்டுமா என்று கேட்டாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது.

"அக்கா, அது ஸ்கூல் நோட்டுல கிறுக்கி ஃபோன்ல படம் புடிச்சுச் செஞ்சது. இப்ப நான் லாரி ஓட்டுறேன், கம்ப்யூட்டரே கெடையாது. தாராளமா செய்யுங்க. எம்பேரோட உங்க பேரையும் போட்டுக்குங்க."

ரொசில்டா அதை இரண்டு முறை படித்தாள். "பேரு போடச் சொல்றான் அண்ணி! ஏன், அதுல நானும் ஈரம்னு ஒரு யோசனை சொன்னேன்ல, எம்பேரு?"

"உனக்கு அடுத்த கேக்கு மேல போடறேன், போ."

இப்போது அவள் நாளொன்றுக்கு ஒரு எழுத்து என்று செய்கிறாள். மதியச் சாப்பாடு முடிந்து, மழை இறங்கும் நேரத்தில், காப்பியோடு. நேற்று எஸ் முடிந்தது. இன்று டி. அதில் வளைவு அதிகமில்லை, சீக்கிரம் எழுந்துவிடலாம்.