பூச்செய்தி சொல்பவள்

மணலில் குப்புறப் படுத்து, மூக்கு தரையில் உரச, நியேவெஸ் எண்ணிக்கொண்டிருப்பாள். முன்னால் ஒரு கம்பிச் சதுரம். அதற்குள் முளைத்தவை எத்தனை, கருகியவை எத்தனை என்று இருபத்திரண்டு வருடமாக அதே இடங்களில் எண்ணுகிறாள். நான் தண்ணீர் லாரியோடு அந்தப் பக்கம் திரும்பினால், தலையை நிமிர்த்தாமலே சத்தம் வரும்.

"யோவ் எவ்சேபியோ! சக்கரத்தை இந்தப் பக்கம் ஏத்தின, உன்னையே உரமாப் போட்டுடுவேன்!"

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. கழுத்தில் ஈரத்துண்டு. இந்தப் பாலைவனப் பூங்காவின் கழிப்பறைகளைக் கழுவுவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. பூ எண்ணுவது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. அவள் பெயருக்குப் பனி என்று அர்த்தம். "இந்த ஊர்ல பெத்துட்டு இப்படிப் பேர் வெச்சிருக்கா. எங்கம்மாவுக்கு நக்கல் ஜாஸ்தி" என்பாள்.

முன்பெல்லாம் பிப்ரவரி வந்தால் ஓடைப்படுகை முழுக்க ஊதாவும் வெள்ளையுமாக விரிந்து கிடக்கும். இப்போது அவள் நோட்டில் பல பக்கங்களில் பூஜ்யம்தான். "நவம்பர்ல ஒரு தூறல் போடுது. பாவம், நம்பி முளைக்குதுங்க. அப்புறம் மழையே கிடையாது. மண்ணுக்குள்ள இருக்கற விதை இப்படி எத்தனை தடவைதான் ஏமாறும்?"

எங்கே என்ன பூத்திருக்கிறது என்று பூங்காவின் தொலைபேசியில் சொல்லும் குரலும் அவளுடையதுதான். வாரம் ஒருமுறை பதிவு செய்வாள். போன வருடம் மார்ச்சில், ஒரு வியாழக்கிழமை, சந்தோஷம் தாங்காமல் சொன்னாள்: "மேற்கு ஓடையில ரெண்டாவது வளைவு தாண்டி நாப்பது லில்லி பூத்திருக்கு. வாங்க, வந்து பாருங்க!"

மறுநாளே வெயில் நூற்றெட்டு டிகிரிக்கு ஏறியது. மார்ச் மாதத்தில் அப்படி ஒரு வெயிலை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பது பூவும் கருகிக் காகிதமாகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை ஹார்லன் என்ற பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவி லொரீனுக்கு முழங்கால் வலி, காரிலேயே இருந்துவிட்டாள். இரண்டாவது வளைவில் பூ இல்லை. அடுத்த வளைவில் இருக்கும் என்று நினைத்திருப்பார். அதற்கும் அடுத்ததில் என்று. ஐந்தாவது வளைவில் நியேவெஸ்தான் அவரைக் கண்டாள். உயிர் போய் வெகுநேரமாகியிருந்தது. காமிரா கழுத்தில் இருந்தது.

அன்று என் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "வெள்ளிக்கிழமையே பாத்தேன்யா, கருகினதை. திங்கக்கிழமை மாத்திப் பேசிக்கலாம்னு விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு செய்தியைத் தினமும் இரண்டு முறை மாற்றுகிறாள். "பூ இல்லை. வராதீங்க." அவ்வளவுதான். மேலதிகாரி டார்வின் ஸ்டக்கி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஊர்ல விடுதிக்காரங்க எல்லாம் புலம்பறாங்க, நியேவெஸ். கொஞ்சம் நல்லவிதமா ஏதாவது சொல்லக் கூடாதா?"

"சொல்றேனே. மணல் நல்லா பூத்திருக்குன்னு சொல்லட்டுமா?"

அவர் பிறகு கேட்கவில்லை.

இந்த மார்ச்சில் லொரீன் ஊன்றுகோலோடு தனியாக வந்தாள். மேற்கு ஓடைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். நியேவெஸ் வழி காட்ட, நான் கைகொடுத்து நடத்திப் போனேன்.

"ஃபோன்ல பேசறது நீங்கதானே? அவர் சமையலறையில நின்னு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாரு. அந்தக் குரல் எனக்கு மறக்காது."

"நான்தாம்மா" என்றாள் நியேவெஸ்.

இரண்டாவது வளைவில் லில்லி ஒன்றுகூட இல்லை. காட்டுக் கடுகுதான் இடுப்புயரம் நின்றது. வெளியூரிலிருந்து வந்து பரவிய களை. விதை விழுந்த இடமெல்லாம் முளைத்து, மற்ற செடிகளுக்குச் சொட்டுத் தண்ணீர் விடாது. வெளிறிய மஞ்சளில் பொடிப்பொடியாகப் பூத்திருந்தது.

லொரீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பூ பேரு ஞாபகமில்ல. இதைப் பாக்கத்தான் வந்தாரா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாம்மா. இதைத்தான்" என்றாள் நியேவெஸ்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

நியேவெஸ் குனிந்து நல்லதாக ஒரு தண்டை ஒடித்தாள். அதில் தொங்கிய விதைக்காய்களை ஒன்று விடாமல் நகத்தால் கிள்ளித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பூவை மட்டும் லொரீனிடம் நீட்டினாள்.